லாங் ஐலண்டில் ஒரு விருந்தினர் இல்லம்

பிள்ளைகளுக்காகக் கட்டிய அறை, பிள்ளைகள் வேற்றூர் சென்ற பின் என்ன ஆகிறது? பழைய பெட்டிகளும் கால் ஒடிந்த நாற்காலிகளும் அதில் குடியேறுகின்றன. சில ஆண்டுகளில் கதவின் கீல் துருப்பிடிக்கிறது. கூரையில் ஒழுக்கு விழுகிறது. பின்னர் அவ்வறையைத் திறப்பாரும் இல்லை. நம் சங்கத்துக் குடும்பங்களுள் இக்காட்சியைக் காணாதவை மிகச் சிலவே. தாயகத்தில் ஒரு பூட்டிய வீடு, தீவில் ஒரு பூட்டிய அறை என்று இரண்டு பூட்டுகளுக்குச் சாவி வைத்திருப்போர் நம்மிடையே பலர்.

அத்தகைய அறையைச் சுற்றுலா வருவோர்க்கு வாடகைக்கு விடலாமா? விட்டால் வயிற்றுப்பாட்டுக்கு ஆகுமா? முன்பின் அறியாதவரை வீட்டினுள் தங்கவைத்துப் பணம் வாங்குவது தமிழர் வீட்டுக்குத் தகுமா? அன்பர்கள் பலர் இவ்வினாக்களை நம்மிடம் எழுப்பியதுண்டு. இருந்த இடத்திலிருந்தே விடை கூறுவதினும், அத்தொழிலைச் செய்துவரும் ஒரு வீட்டில் சில நாள் தங்கிப் பார்த்து வருவது நன்று எனக் கருதினோம். ஆதலின் சென்ற பிப்ரவரித் திங்களில் லாங் ஐலண்டுக்குப் புறப்பட்டோம்.

தீவும் அதன் மக்களும்

2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கடல்வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே, நடு அந்தமானின் கீழ்க்கரையை ஒட்டிக் கிடக்கிறது லாங் ஐலண்ட். பரப்பு சுமார் 18 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் சிற்றூரே அத்தீவின் ஊர். எஞ்சியதெல்லாம் காடும் கரையுமே.

அங்குச் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, 2018ஆம் ஆண்டின் இறுதி வரை ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவின் வழியாகச் செல்லும் அரசுக் கப்பல். மற்றொன்று, அந்தமான் நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டர் சென்று ரங்கத்தை அடைந்து, அருகிலுள்ள எரட்டா ஜெட்டியில் படகேறுவது. நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புக் காட்டினூடே செல்வதால், அப்பகுதியில் வண்டிகள் காவலுடன் அணியாகவே செல்ல வேண்டும். இடையில் வண்டியை நிறுத்துதலும், அம்மக்களைப் படம் பிடித்தலும், அவர்களுக்கு உண்பண்டம் கொடுத்தலும் குற்றமாகும். பழங்குடி மக்களைக் காக்க 1956ஆம் ஆண்டிலேயே ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. தீவுக்கு விருந்தினரை அழைப்போர், வருமுன்னரே இதனைச் சொல்லிவைத்தல் கடமையாகும்.

நாம் எரட்டா வழியே சென்றோம். கரையின் இருமருங்கும் கண்டல் காடு தொடர, படகு ஒரு மணி நேர அளவில் தீவை அடைந்தது. இறங்கியதும் நம் செவிக்கு வியப்பளித்தது அங்கு நிலவிய அமைதி. வண்டிகளின் இரைச்சல் இல்லை, ஊரெங்கும் நடைபாதைகளே. சோட்டா நாகபுரியிலிருந்து வந்தவர்களும் வங்காளிகளும் தெலுங்கரும் தமிழரும் அக்கம்பக்கமாக வாழ்கின்றனர். பொதுமொழி இந்தி, அடுப்பங்கரை மொழி அவரவர் தாய்மொழி.

இம்மக்களுட் பலரின் முன்னோரை இத்தீவுகளுக்கு அழைத்து வந்தது மரமே. அந்தமானில் வனத்துறை தொடங்கியதும், சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை நிறுவப்பட்டதும் 1883ஆம் ஆண்டிலாகும். அது முதல் நூறாண்டுக்கும் மேலாகப் படாக்கும் குர்ஜனும் வெட்டுண்டு கப்பலேறின. 2002ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை மரம் வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காடு பிழைத்தது, அதனை நாம் போற்றவே வேண்டும். ஆயினும் காட்டுவேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வருவாய் சுருங்கிற்று. படித்த பிள்ளைகள் தலைநகருக்கும் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் சென்றனர். அறைகள் பூட்டப்பட்டன.

நாம் தங்கிய வீடு

நாம் தங்கிய வீட்டின் பெரியவர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளமையில் இங்கு வந்தவர். மரவேலையில் நாற்பதாண்டு உழைத்து ஓய்ந்தவர். மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகத் தம் கையாலேயே கட்டிய வீடு. முன்னே திண்ணை, பின்னே பாக்கு, தென்னை, வாழை. மகன் இருவருக்கென இரண்டு அறைகள். மூத்தவர் தலைநகரில், இளையவர் சென்னையில். ஆண்டில் பத்து நாள் வந்து போகும் பிள்ளைகளுக்காக எஞ்சிய நாளெல்லாம் அவ்வறைகள் பூட்டிக் கிடந்தன.

படகிலிருந்து இறங்கிய முதியவர் ஒருவர் தங்க இடமின்றித் தம் திண்ணையில் அமர்ந்ததுதான் தொடக்கம் என்றார் பெரியவர். அன்று அவருக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டனர். அவர் போகும்போது தலையணையின்கீழ்ச் சிறிது பணம் வைத்துச் சென்றாராம். அதைக் கண்டு அம்மையார் வருந்தினார்; பெரியவர் சிந்தித்தார். இரண்டு அறைகளையும் வெள்ளையடித்து, கொசுவலை கட்டி, தனிக் கழிப்பறை ஒன்று கட்டி, முறையாக விருந்தினரை ஏற்கத் தொடங்கினர்.

இன்று அவ்வீட்டுக்கு விருந்தினர் கைப்பேசி வழியாகவே பெரும்பாலும் இடம் கேட்டுக்கொள்கின்றனர். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் இடப்பட்ட கம்பிவடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. அது தொடும் தீவுகளுள் லாங் ஐலண்டும் ஒன்று. சென்னையிலுள்ள இளைய மகனே வருவோர் பெயரையும் நாளையும் குறித்துத் தாய்க்குத் தெரிவிக்கிறார். பிள்ளை தொலைவிலிருந்தும் வீட்டுக்காரியத்தில் பங்குகொள்ள இஃது ஒரு வாயில் ஆயிற்று. முன்பு திங்களுக்கு ஒருமுறை பேசியவர் இப்போது நாள்தோறும் பேசுகிறார் என்று அம்மையார் மகிழ்ந்து கூறினார்.

இன்பமும் உண்டு

இத்தொழிலில் வருவாயை மட்டும் எண்ணுவோர் அதன் பாதியையே காண்கின்றனர். அவ்வீட்டில் காலையில் இட்டிலியோ ஆப்பமோ. பகலில் அன்று பிடித்த மீனின் குழம்பு. இரவில் கஞ்சியும் துவையலும். வந்தவர் விரும்பினால் தோட்டத்தில் பாக்கு உரிக்கலாம். விரும்பாவிடில் திண்ணையில் சாய்ந்து கடலை நோக்கியிருக்கலாம். நாளில் இருமுறை படகு வரும்போது மட்டும் ஊர் சற்றே விழித்தெழுகிறது. பின்னர் மீண்டும் ஓய்கிறது. நகரத்தில் எத்தனை பொருள் கொடுத்தாலும் இவ்வமைதி கிட்டுமா?

தீவின் மறுபக்கத்தில் லாலாஜி விரிகுடா இருக்கிறது. காட்டினூடே ஒன்றரை மணி நேரம் நடந்தால் வெண்மணற் கரை விரியும். நடக்க இயலாதார் டுங்கி எனப்படும் சிறு விசைப்படகில் செல்லலாம். நாம் பெரியவரோடு நடந்தே சென்றோம். வழியில் நின்ற ஒவ்வொரு மரத்தையும் அவர் பெயர் சொல்லி அழைத்தார். எதை வெட்டினால் எத்தனை பலகை தேறும் என்று ஒருகாலத்தில் கணக்கிட்டவர், இப்போது அம்மரங்களின் நிழலையும் அவற்றில் தங்கும் பறவைகளையும் காட்டிப் பேசினார்.

“இத்தீவுக்கு வந்து நாற்பது வருடம் ஆயிற்று, ஐயா. விருந்தாளிகள் வரத் தொடங்கிய பிறகுதான் வேலையில்லாமல் இந்தக் கரைக்கு வந்து உட்கார்ந்தேன்” என்றார் அவர். விருந்தினர்க்கு ஊரைக் காட்டும் வீட்டார் தாமும் தம் ஊரைப் புதிதாய்க் காண்கின்றனர் என்பது நாம் எதிர்பாராத ஒரு பயன்.

வருவாய்க் கணக்கு

இனிக் கணக்கைப் பார்ப்போம். தீவுக்கு மக்கள் மிகுதியாக வரும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அது 181 நாள். புதிய வீட்டில் இவற்றுள் பாதி நாள் அறை நிரம்பினாலே நற்பேறு. ஓர் அறைக்கு நாள் வாடகை 1,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். இரண்டு அறை, 90 நாள் எனில் வருவது 1,80,000 ரூபாய். வெளுப்பு, சோப்பு, விளக்கு, பழுது, கொசுவலை, மெத்தை மாற்றுதல் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். எஞ்சுவது 1,20,000 ரூபாய். அதனைப் பன்னிரண்டு திங்களுக்குப் பகிர்ந்தால் திங்களுக்கு 10,000 ரூபாய். உணவுக்குத் தனியே வாங்கும் தொகை பெரும்பாலும் உணவுக்கே சரியாகும்.

இத்தொகை சிறிதன்று, பெரிதுமன்று. ஓய்வூதியத்தோடோ தோட்டத்து வருவாயோடோ சேர்ந்தால் முதியவர் இருவர் எவர் கையையும் எதிர்பாராமல் வாழலாம். இதையே முழுப்பிழைப்பாக நம்பிக் கடன் வாங்கி அறைமேல் அறை கட்டினால், மே முதல் மழைக்காலம் முழுதும் வட்டி மட்டுமே விருந்தாளியாக வீட்டில் தங்கும். துணைவருவாயாகக் கொள்க, முதல்வருவாயாகக் கொள்ளற்க என்பதே நாம் அறிந்த முதற் பாடம்.

தண்ணீரே எல்லை

பெரியவர் தொடங்கிய முதலாண்டில் ஒரு தவறு நேர்ந்தது. மார்ச்சுத் திங்களில் ஒரே சமயம் ஆறு பேர் வந்தனர். திண்ணையிலும் பாய் விரித்து அனைவரையும் ஏற்றுக்கொண்டார். ஒருவாரத்துக்கு மேல் அவர்கள் தங்கினர், தொட்டி வறண்டது. குளிக்க நீரின்றி அவர்கள் சினந்து பேசினர். பெரியவர் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். “பணம் போனது பெரிதில்லை. நம் வீட்டுக்கு வந்தவர் முகம் சுளித்துப் போனார்களே” என்று அம்மையார் இன்றும் வருந்துகிறார்.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எனவே 50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டு முழுதும் விழுவது 1,50,000 லிட்டர். இத்துணை நீர் தலைமேல் விழுந்தும் கோடையில் தட்டுப்பாடு ஏன்? மழை பெய்யும் காலத்தில் விருந்தினர் இல்லை. விருந்தினர் வரும் காலத்தில் மழை இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டிருக்கும். ஆகவே நீரை அளப்பது கூரையன்று, தொட்டியே.

அவ்வீட்டுத் தொட்டி 10,000 லிட்டர் கொள்ளும். விருந்தினர் நால்வர் ஆளுக்கு 100 லிட்டரும், வீட்டார் இருவர் ஆளுக்கு 75 லிட்டரும் செலவிட்டால் நாளுக்கு 550 லிட்டர். தொட்டி ஒன்றையே நம்பினால் 18 நாளில் அடி தெரியும். விருந்தினர் தூவற்குழாயை விட்டு வாளியில் மொண்டு குளித்து, ஆளுக்கு 50 லிட்டராகக் குறைத்துக்கொண்டால் நாளுக்கு 350 லிட்டர். அதே தொட்டி 28 நாள் வரும். இக்கணக்கை அறிந்தபின் பெரியவர் தூவற்குழாயைக் கழற்றிவிட்டு, அறைதோறும் ஒரு வாளியும் செம்பும் வைத்தார். நால்வர்க்கு மேல் எவர் கேட்டாலும் இடமில்லை என்கிறார். வீட்டில் எத்தனை கட்டில் போடலாம் என்பதை நீரே முடிவு செய்கிறது.

கடலும் காலமும்

தீவில் இல்லம் நடத்துவோர்க்கு வானிலையும் ஒரு பங்காளி. புயற்சின்னம் தோன்றினால் கப்பலும் படகும் நிற்கும். ஒரு டிசம்பரில் கொல்கத்தாவிலிருந்து சிறு குழந்தையோடு வந்த இளந்தம்பதியர் மூன்று நாள் கரையேற இயலாது தங்க நேர்ந்தது. கையிருப்புப் பணம் தீர்ந்துவிட்டதே என்று அவர்கள் கலங்கினர். பெரியவர் அந்த மூன்று நாளுக்கு உணவுச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, வாடகையை விட்டுவிட்டார். மழை கடலை மறித்தது அவர்கள் குற்றமன்று என்பது அவர் வாதம். மறு ஆண்டு அத்தம்பதியர் வழியாக இரண்டு குடும்பங்கள் வந்தனவாம். அறம் செய்தார்க்கு ஆதாயமும் வரலாம். ஆயின் ஆதாயத்துக்காகச் செய்வது அறமாகாது என்பதையும் அவர் கூறத் தவறவில்லை.

இதனால் அவ்வீட்டில் சில வழக்கங்கள் நிலைபெற்றுள்ளன. அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு ஆகியன எப்போதும் பத்து நாளுக்குக் கையிருப்பில் இருக்கும். எரிவாயு உருளை ஒன்று கூடுதலாக இருக்கும். வானூர்தி ஏறும் நாளுக்கு முன் ஒரு நாளேனும் தலைநகரில் இருக்குமாறு பயணத்தை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று விருந்தினர்க்கு முன்கூட்டியே தெரிவிப்பர்.

இடர்களையும் அவர்கள் மறைப்பதில்லை. கண்டல் காட்டுக் கழிகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010ஆம் ஆண்டு ஹேவ்லாக்கில் கடலில் இருந்த அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர் முதலைக்கு இரையானார். எனவே கழிமுகத்தில் இறங்கலாகாது, அந்திக்குப் பின் நீரில் நிற்கலாகாது என்பதை வந்த முதல் நாளே சொல்லிவிடுகின்றனர். மணல் ஈக்கள் கடித்தால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளலாகாது என்று அம்மையார் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுக்கிறார். பெருநோய் என்றால் ரங்கத்துக்கோ, தலைநகரின் கோவிந்த வல்லப பந்து மருத்துவமனைக்கோதான் செல்ல வேண்டும். ஆதலின் இருதய நோயுடையாரிடம் இதனை வருமுன்னரே எடுத்துரைத்து விடுகின்றனர். வாடகை போனாலும் போகட்டும், உயிர் பெரிது என்பதே அவர்கள் கொள்கை.

சட்டம் சொல்வது

நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகம் இத்தகைய இல்லங்களை ஹோம்ஸ்டே என வகைப்படுத்தி, வெள்ளி, தங்கம் என இருதரச் சான்று வழங்குகிறது. அறைகள் ஒன்று முதல் ஆறு வரை இருக்கலாம். வீட்டுடையார் குடும்பத்தோடு அவ்வீட்டிலேயே வாழ்தல் வேண்டும். இந்த இரண்டாம் விதியை அன்பர்கள் நன்கு நினைவிற்கொள்க. பின்னர் இதற்கு நாம் மீண்டும் வருவோம்.

அயல்நாட்டார் தங்கினால், அவர்தம் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. விளைநிலத்தில் வாணிபக் கட்டடம் எழுப்ப வேண்டுமாயின் முன்னரே அனுமதி பெற வேண்டும். கடற்கரையை ஒட்டிக் கட்டுவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. நிலத்தின் பத்திரமே தெளிவாக இல்லாதபோது அதன்மேல் செங்கல் அடுக்குவது மணலில் கோலமிடுவது போலாகும். பவளத்தை உடைத்தலும் கரையிலிருந்து எடுத்துச் செல்லுதலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விருந்தினர் பையில் அதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் அகப்படுமுன், வீட்டார் எடுத்துரைப்பது நன்று.

குப்பையும் சட்டத்தோடு சேர்த்து எண்ணத்தக்கதே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2022ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை உள்ளது. தீவில் போடும் குப்பை தீவிலேயே கிடக்கும், அல்லது கடலுக்குப் போகும். பெரியவர் வீட்டில் குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்து மண்பானையில் வைக்கின்றனர். விருந்தினர் தம் குப்பியை அதிலேயே நிரப்பிக்கொள்கின்றனர்.

இத்தாலி காட்டும் பாடம்

பிழைப்புத் தேடி மக்கள் போனதால் வீடுகள் பூட்டிக் கிடப்பது நமக்கு மட்டும் உரிய துயரமன்று. தென் இத்தாலியின் சிற்றூர்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்கும் வட இத்தாலியின் ஆலைகளுக்கும் சென்றனர். ஒலிவத் தோட்டங்களின் நடுவே கல்வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. இன்று அவற்றுட் பல விடுமுறை இல்லங்களாக விளங்குகின்றன. பூலியா நாட்டின் அல்பெரோபெல்லோ ஊரில், சுண்ணாம்பின்றி அடுக்கிய கூம்புக் கூரைக் கல்வீடுகள் உள்ளன. 1996ஆம் ஆண்டு உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்ட அவ்வீடுகளிலும் பயணிகள் தங்குகின்றனர்.

இத்தொழிலுக்கு அந்நாட்டார் இட்ட வரம்பு நம் கருத்தைக் கவர்கிறது. உழவர் தம் பண்ணைவீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து உணவளிப்பதை அவர்கள் அக்ரிதூரிஸ்மோ என்கின்றனர். அதற்கென 1985ஆம் ஆண்டில் நாடளாவிய சட்டம் இயற்றினர். 2006ஆம் ஆண்டில் புதுச்சட்டம் அதனிடத்தைப் பெற்றது. விருந்தினர் வருவாய் எத்துணை வரினும், உழவே முதன்மையாக நிற்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. உழவைக் கைவிட்டவர் அப்பெயரில் விடுதி நடத்த இயலாது. பெரியவர் தம் அனுபவத்தால் கண்ட துணைவருவாய்ப் பாடத்தையே அவர்கள் சட்டமாக எழுதியிருக்கின்றனர். குறுகிய கால வாடகைக்கு விடும் வீடு ஒவ்வொன்றும் தேசிய அடையாள எண் பெற்று வாயிலில் பொறித்தல் வேண்டும் என்னும் விதியும் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் அங்கு நடைமுறையில் உள்ளது.

அதே தென் இத்தாலியில் எச்சரிக்கையும் உண்டு. மத்தேரா நகரில் மலைப்பாறையைக் குடைந்த வீடுகளில் ஏழைகள் கால்நடைகளோடு வாழ்ந்தனர். அது நாட்டுக்கு இழுக்கு எனக் கருதி, 1952ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர்களைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினர். 1993இல் அக்குகை வீடுகள் உலக மரபுச் செல்வமாயின. 2019இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகவும் விளங்கியது. ஒருகாலத்தில் வறுமையின் சின்னமாயிருந்த குகையில் இன்று செல்வர் பொருள் கொடுத்துத் தங்குகின்றனர். வீடு வாழ்வு பெற்றது, மெய்யே. ஆயினும் முன்பு அங்கு அடுப்பு மூட்டிய குடும்பங்கள் பல திரும்பவில்லை. வீடு பிழைப்பது ஒன்று. வீட்டார் பிழைப்பது மற்றொன்று.

நம் செட்டிநாட்டிலும் இவ்விரண்டையும் காணலாம். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கங்களில் பூட்டிக் கிடந்த மாளிகைகள் சில விருந்தினர் விடுதிகளாகித் தேக்குத்தூணும் ஆத்தங்குடித் தரையும் துலங்க நிற்கின்றன. எஞ்சியவை பலவற்றில் சாவி வைத்திருக்கும் காவலரே இன்று குடியிருப்பவர்.

விடையளிக்க வேண்டிய வினா

நாம் தங்கியிருந்தபோது அவ்வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வெளியூர் வணிகர் ஒருவர் வீட்டையும் தோட்டத்தையும் பத்தாண்டுக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். ஆண்டுக்கு ஒரு தொகை உறுதி. தோட்டத்தில் எட்டு அறை கட்டுவார். பெரியவரும் அம்மையாரும் தலைநகருக்குச் சென்று மூத்த மகனோடு இருக்கலாம். “உழைத்தது போதும், அப்பா. வந்துவிடுங்கள்” என்று மூத்தவர் அழைக்கிறார். அந்த அன்பில் குறையொன்றும் இல்லை. பெற்றோர் முதுமையில் தீவில் தனித்திருப்பது எந்த மகனுக்கும் கவலையே.

லாங் ஐலண்டின் எதிர்காலமும் அவர்கள் பேச்சில் வந்தது. 2017ஆம் ஆண்டில் நடுவண் அரசு தீவுகள் மேம்பாட்டு முகமையை அமைத்தது. முதற்கட்டத் தீவுகளுள் லாங் ஐலண்டும் ஒன்று. லாலாஜி விரிகுடாவில் தனியார் பங்கேற்போடு பெரிய விடுதி அமைக்கும் திட்டமும் தீட்டப்பட்டது. அஃது எழுந்தால் இடத்தின் விலை ஏறும். அப்போது இன்னும் நல்ல குத்தகை வரும் என்றும் வணிகர் ஆசை காட்டியிருந்தார்.

நம்மையும் கருத்துக் கேட்டனர். நாம் எண்ணியதைச் சொன்னோம். வீட்டார் இல்லாத எட்டறை வீடு ஹோம்ஸ்டே ஆகாது. எட்டு அறைக்கு வேண்டிய நீர் அத்தோட்டத்தில் இல்லை. வெள்ளத்தில் மூன்று நாள் வாடகையை விட்டுக்கொடுக்கும் உரிமை குத்தகைதாரரின் ஊழியருக்கு இராது. வருவோர் விரும்பி வருவது அவ்வீட்டில் இரு முதியவர் வாழ்கின்றனர் என்பதற்காகவே. அவர்கள் போய்விட்டால் எஞ்சுவது பலகைச் சுவரும் தகரக் கூரையுமே. ஆயின் உடல்நிலையை நாம் அளக்க முடியாது. அதனைத் தாய்தந்தையரும் பிள்ளைகளுமே அமர்ந்து பேசி முடிவு செய்தல் வேண்டும் என்றோம்.

தமிழர் வீட்டுக்கு இத்தொழில் தகுமா என்னும் வினாவுக்கும் அங்கேயே விடை கிடைத்தது. திருக்குறளில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே உண்டு. அதை வாடகைச் சீட்டோடு எங்ஙனம் பொருத்துவது என்று நாமும் மயங்கியதுண்டு. அவ்வீட்டில் அறைக்கு விலை உண்டு. அது சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் ஒன்றே. விலை தெளிவாக இருப்பதால், வந்தவர் கூசுவதில்லை; வீட்டார் உள்ளுக்குள் கணக்கிடுவதில்லை. அதன்பின் காட்டும் அன்புக்கு எவரும் விலை கேட்பதில்லை. விலையை மறைத்து வைத்து அன்பை நடிப்பதே இழிவு, இதில் இழிவில்லை.

இவ்வழியில் இறங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். முதலில் நிலப்பத்திரத்தைப் பாருங்கள். அடுத்துத் தொட்டியை அளவுங்கள். அதன்பின் பிள்ளைகளோடு பேசுங்கள். ஓரறையில் தொடங்குங்கள். முதலாண்டு வருவாயை வீட்டின் பழுதுக்கே செலவிடுங்கள். நீங்கள் வாழாத வீட்டை விருந்தினர் இல்லம் என்று அழைக்காதீர்கள்.

நாம் ஊர் திரும்பிய இரண்டு திங்களில் இளைய மகனிடமிருந்து செய்தி வந்தது. குத்தகைக்கு இசையவில்லை. மூத்த மகன் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் பெற்றோரைத் தம்மோடு வைத்துக்கொள்வதென்றும், நவம்பரில் அவர்கள் தீவுக்குத் திரும்புவதென்றும் முடிவாயிற்று. மூன்றாவது அறை கட்டச் சேர்த்திருந்த பணத்தில் பெரியவர் இரண்டாவது தொட்டி வாங்கிவிட்டார்.

புறப்படும் நாளில் நாம் கொடுத்த வாடகையைப் பெரியவர் எண்ணி வாங்கிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். படகு ஏறும்போது அம்மையார் நம் கையில் ஒரு துணிப்பையைத் திணித்தார். உள்ளே நான்கு தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. “இது சீட்டில் வராது. அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்” என்றார்.